பனைக்குழியில் போட்ட களி

அந்த ஏரிக்கரை ஒன்றேகால் மைல் நீளம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அதன்மேல் நடப்பதுதான் என் வேலை. தெற்குக் கோடியில், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலங்கலில் ஆரம்பிப்பேன். நடுவில் இருக்கும் மதகைத் தாண்டி வடக்கே கரை மேட்டோடு சேரும் இடத்தில் முடிப்பேன். போகும்போது உள்சரிவைப் பார்ப்பேன், திரும்பும்போது வெளிச்சரிவை. எலிவளை, நண்டுவளை, மாட்டு வண்டித் தடம், மழை அறுத்த கோடு, புதிதாக முளைத்த வேலிக்காத்தான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவேன். யாராவது வாங்கிப் பார்ப்பார்கள் என்று முதல் மாதம் அழகான கையெழுத்தில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எனக்குப் புரிந்தால் போதும் என்று எழுதினேன்.

இது 2005. நான் மரக்காணத்து உப்பள வீட்டுப் பையன். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு உப்பு வாரியவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தேன். மேற்கே, சைக்கிளில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு ஊரில் ஏரிக்கரை வேலைக்குப் பணம் வந்திருப்பதாகவும், விவசாயிகள் சங்கத்துக்கு ‘டேப் பிடிக்கத் தெரிந்த பையன்’ ஒருவன் வேண்டும் என்றும் தெரிந்தவர் மூலம் கேள்விப்பட்டுப் போனேன். கரை வேலை முடியும்வரை, அப்புறம் மழைக்காலம் முடியும்வரை என்று சேர்த்துக்கொண்டார்கள். மதகை ஒட்டி ஒரு சிமெண்ட் ஷெட் இருந்தது. மண்வெட்டி, கடப்பாரை, காலி மூட்டைகள், நான்.

ஊருக்குள் போனால் ‘சார்’ என்பார்கள். நான் டீக்கடையைத் தாண்டியதும் ‘உப்பளத்துப் பையன்’ என்பார்கள். இரண்டும் எனக்குக் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. கூடப் படித்து ஏழாவதிலும் எட்டாவதிலும் நின்றுபோன பையன்கள் உப்பு வேலை முடிந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் போய் உட்கார்ந்ததும், “இன்னா இன்ஜினியரே, ஏரி சௌக்கியமா?” என்று ஒருத்தன் கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கப்புறம் பேச எதுவும் இருக்காது. அவர்களிடம் நண்டுவளையைப் பற்றி என்ன சொல்வது? இருட்டுவதற்குள் ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிடுவேன். யாரும் இரு என்று சொல்லமாட்டார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

ஆடியிலும் ஆவணியிலும் வேலை நல்லபடியாக நடந்தது. வேலிக்காத்தானை வேரோடு எடுத்தோம். கரையின் உச்சியில் பள்ளம் விழுந்த இடங்களுக்கு ஏரிக்குள்ளிருந்தே மண் வெட்டிப் போட்டு இடித்து இறுக்கினோம். பாலிடெக்னிக்கில் மண் அணையைப் பற்றி ஒரு பன்னிரண்டு மார்க் கேள்வி உண்டு. அதை நான் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவன். அந்தப் படத்தின்மேல் நிஜமாகவே நடக்கிறோம் என்ற சந்தோஷம் எனக்குள் இருந்தது.

புரட்டாசி முதல் வாரம் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் நான் நடந்துபோனபோது, வடக்குப் பக்கம் பட்டுப்போய் நின்ற பனை ஒன்று ஏரிக்குள் சாய்ந்து கிடந்தது. அது நின்ற இடத்தில், உள்சரிவில், ஒரு குழி. இறங்கிப் பார்த்தேன். என் மார்பு வரைக்கும் வந்தது. தூர் முழுக்க மக்கி, கையால் அள்ளினால் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. மக்கிய வேர்கள் கரைக்கு உள்ளே, வெளிப்பக்கம் பார்த்துப் போயிருந்தன.

சங்கத் தலைவர் மொபெட்டில் வந்து எட்டிப் பார்த்தார். ஏரிக்குக் கீழே அவருக்கு நிலம் இருந்தது. சத்தம் போடாமல் பேசுகிறவர். “ஏம்பா, ஐப்பசியில ஏரி ரொம்பிடும். இந்த ஓட்டைய வச்சிக்கினு எப்படிப்பா? நீ படிச்ச புள்ள, ஏதாச்சும் பண்ணு” என்றார்.

பண்ணுவதற்கு மண் இல்லை. ஏரிக்குள் இருந்தது சேறாகிவிட்டது. டிராக்டரை இறக்கினால் அங்கேயே நிற்கும். மேட்டில் இருந்ததெல்லாம் மணல் கலந்த செம்மண். தண்ணீர் ஊடுருவிப் போகும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள், சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, இருபுறமும் உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே போன எனக்குத் தோன்றியது: உலகத்தில் தண்ணீர் இறங்காத மண் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உப்பளம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உவர்த் தண்ணீரைப் பாத்தியில் நிறுத்தி வெயிலில் காயவைத்தால்தான் உப்பு. பாத்தியின் அடி ஒரு சொட்டைக்கூடக் குடிக்கக் கூடாது. அதற்காகத் தை மாதத்தில் களிமண்ணைப் பரப்பி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். எங்கள் பக்கம் அதைக் களி என்றுதான் சொல்வோம். மிதித்து முடித்த களி சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். அப்பா முப்பது வருஷம் மிதித்தவர். அவர் மிதித்த பாத்தி ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை.

அப்பாவிடம் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிடி களி. அதை உருட்டி, நீளமாக இழுத்து, அறுந்துபோகாமல் வளைத்துக் காட்டினார்.

“எவ்ளோ வேணும்?”

நான்கு டிரெய்லர் என்றேன். எதற்கு, யாருக்கு, என்ன கொடுப்பார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. மேட்டு ஊர்க்காரர்கள் எங்களிடம் உப்பைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பாத்தி ஓரத்தில் வெட்டிய களி டிராக்டரில் வந்தது. அப்பாவும் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள். மக்கிய தூரை நானே சுரண்டி எடுத்திருந்தேன். அரையடி களி போடுவது, நாலு பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டு மிதிப்பது, மறுபடி அரையடி. இரண்டு நாள். ஏரிக்காரர்கள் கரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“ஏரிக்கே உப்புப் போட்டுக் கொழம்பு வைக்கறாங்கடா” என்றார் ஒருவர்.

அப்பா மிதிப்பதை நிறுத்தாமல், “கொதிச்சா சொல்லுங்க, எறக்கி வச்சிட்டுப் போறோம்” என்றார். அவரைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். வெளியூரில் அப்பா வாயைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் அப்பா தலைவர் கையில் கடப்பாரையைக் கொடுத்து, “இடிச்சிப் பாருங்க தலைவரே” என்றார். தலைவர் இடித்தார். கடப்பாரை எகிறியது. “ஏரிக்கரையவே உங்களக் கூப்ட்டுப் போட்டிருக்கணும்” என்றார் தலைவர். மத்தியானம் புளியமரத்தடியில் எல்லோருக்கும் ஒன்றாக இலை போட்டார்கள். அப்பாவுக்கு எதிரே தலைவர் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அன்றைக்கு ஒருநாள் எனக்கு இரண்டு ஊரும் ஒரே ஊராக இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் வானம் விடவேயில்லை. பத்து நாளில் தண்ணீர் மதகுக் கல்லைத் தொட்டது, அப்புறம் குழி இருந்த இடத்தை மூடியது, கார்த்திகை பிறக்கும்போது கலங்கலில் வழிந்தது. ஊர்க்காரர்கள் நடவில் இருந்தார்கள். கரைமேல் வர யாருக்கும் நேரமில்லை. ஷெட்டில் ஸ்டவ்வில் சோறு வடித்து, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, தலையில் சாக்குக் கொங்காணியைப் போட்டுக்கொண்டு நடப்பேன். சில நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பது, சாயங்காலம் கடையில் தீப்பெட்டி கேட்கும்போது குரல் கரகரப்பாக வருவதில்தான் தெரியும்.

கரைக்கு வருகிற ஒரே ஆள் ஆடு மேய்க்கிற அக்கா. ஊருக்கு வெளியே தனியாக இருந்தார். பதினான்கு ஆடுகள். கரைமேல் ஆடு மேயக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தது. அதைச் சொல்லி நான் இரண்டு முறை அவரை விரட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை அவர், “தம்பி, நீ வெரட்டு, நான் போறேன். நீ அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் வர்றேன். ரெண்டு பேருக்கும் பொழுது போவணுமில்ல” என்றார். அதற்கப்புறம் விரட்டவில்லை. வெளிச்சரிவின் அடியில் மட்டும் மேய்க்கச் சொன்னேன். தினமும் ஐந்து நிமிஷம் பேசுவோம். எந்த ஆடு சினை, எதற்குக் கழிச்சல், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிஷத்துக்காக நான் வடக்குப் பக்கம் நடக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை நடுவில் ஒருநாள் காலை அவர்தான் சொன்னார். “தம்பி, அந்தக் கரையடியில இன்னா இருக்குது? ரெண்டு நாளா ஆடுங்க பூராவும் அங்கயே நக்கிக்கினு நிக்குது. வெரட்னாலும் போவ மாட்டேங்குது.”

போய்ப் பார்த்தேன். பனைக்குழிக்கு நேராக, வெளிச்சரிவின் அடியில், ஒரு பாய் அகலத்துக்கு ஈரம்; மழை ஈரத்தோடு சேர்ந்திருந்ததால் கரைமேலிருந்து எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நடுவில் சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்து வந்தது. மண் கரையில் கசிவு சகஜம். தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளேயிருந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். இது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. ஆடுகள் சுற்றி நின்று ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர். உள்ளே போகிறபோது இனிப்பாகப் போவது வெளியே வரும்போது கரிக்கிறது என்றால், நடுவில் அது எங்கள் களி வழியாக வருகிறது.

ஷெட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மிச்சமிருந்த களிக் கட்டி ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து, ஒன்றில் ஏரித் தண்ணீர், இன்னொன்றில் அதே தண்ணீரில் ஒரு கை உப்பைக் கரைத்து ஊற்றினேன். இரண்டிலும் சுண்டைக்காய் அளவு களியைப் போட்டேன். உப்புத் தண்ணீரில் போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தது. ஏரித் தண்ணீரில் போட்டதிலிருந்து முதலில் ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு இழை கிளம்பியது. அப்புறம் சுற்றிலும். கால் மணி நேரத்தில் டம்ளர் முழுக்க மோர் நிறம்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் களியை இறுக்கிப் பிடித்து வைத்திருந்ததே உப்புதான். உப்புத் தண்ணீரில் அது ஆயுசுக்கும் நிற்கும். நல்ல தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு போனதும், மண்ணுக்கு மண் பிடிப்பு விட்டுப் பாலாகிவிடுகிறது. மழைக்காலத்தில் எங்கள் பாத்திகள் எல்லாம் கெட்டுப்போவதையும், ஒவ்வொரு தையிலும் மறுபடி மிதிப்பதையும் பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். மழை கெடுக்கிறது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது நல்ல தண்ணீர் என்பதால் கெடுக்கிறது என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

உடனே போய்த் தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புளியமரத்தடி இலையின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம்தான் வந்து நின்றது. கசிவு சின்னதுதானே, நாளைக்குப் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். மறுநாள் அது கட்டைவிரல் தடிமன் ஆனது. அன்றைக்கும் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலை நடவுக்குப் போன ஒருவர் பார்த்துவிட்டார். அரைமணி நேரத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஈரத்தில் சேறு முழுக்க ஆட்டுக் குளம்பு. ஆடுகளும் அங்கேயே நின்றிருந்தன. இதற்குமேல் யாருக்கும் யோசிக்க எதுவும் இல்லை. மிதித்து மிதித்துக் கரையடியை இளக்கிவிட்டன என்றார்கள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டத்தின் சத்தத்தில் எடுபடவில்லை. பதினான்கு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்தார்கள். அதில் இரண்டு சினை. மழையில் நின்றுகொண்டு அக்கா என்னைப் பார்த்தார். ஆடுகள் அங்கே ஏன் வந்து நின்றன என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் கசிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவர் என் தோளில் கைவைத்தார். “கவலப்படாத தம்பி. உள்ள உங்கப்பா போட்டது கல்லு மாதிரி இருக்குது, அதுக்கு ஒண்ணும் ஆவாது. வெளிப்பக்கம் ரெண்டு லோடு அதே மண்ணக் கொண்டாந்து அடச்சிடலாம். பூத்துலேர்ந்து உங்க ஊருக்குப் போன் போடச் சொல்லிட்டேன்.”

கசிவை வெளியே அடைத்தால் தண்ணீர் உள்ளேயே முட்டி, வேறு வழி தேடும். அதிலும் அந்தக் களியை வைத்து அடைத்தால் கரையின் உள்ளே குடைந்துகொண்டே போய், ஒருநாள் கரை மொத்தமாக உட்காரும். கீழே நடவு நட்ட வயல். அதற்குக் கீழே குடிசைகள். என் வாய் வரைக்கும் வந்தது. “சரிங்க” என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. டிராக்டர் வரும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. களியின்மேல் சாக்கைப் போர்த்தி அப்பாவும் மூன்று கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மண் மிதிக்க வருகிறவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரே சைகை காட்டி டிராக்டரைத் திருப்பச் சொல்லிக்கொண்டு வந்தார். டிரைவர் டிரெய்லரைப் பின்பக்கமாகக் கசிவை நோக்கி விட ஆரம்பித்தான்.

நான் போய் டிரெய்லருக்குப் பின்னால் நின்றேன். டிரைவர் நிறுத்திவிட்டுத் திட்டினான்.

“கொட்டாதீங்க” என்றேன்.

தலைவர் என்னவென்று கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. “ஆட்டால இல்லீங்க. ஆடுங்க உப்புக்காகத்தான் வந்து நின்னுதுங்க. கரையறது உள்ள போட்ட மண்ணு. நாங்க போட்ட மண்ணு. நான்தான் போடச் சொன்னேன்.”

நான் தொடர்ந்து, நல்ல தண்ணீரில் இந்தக் களி நிற்காது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன். மூன்று நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆரம்பித்துவிட்டதால் நிற்கவில்லை.

“உப்பளத்தானக் கூட்டியாந்து ஏரியில வுட்டா இதான் ஆவும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்பா டிரெய்லரிலிருந்து இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. ஒரு கட்டிக் களியை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் உள்சரிவில் இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர் ஓரத்தில் குந்தி, களியைத் தண்ணீருக்குள் உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாகக் கிளம்ப ஆரம்பித்தது. அப்பா கையை எடுக்கவில்லை. கட்டி பாதியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?” என்றார். “மூணு நாள் இருந்துச்சே.”

அவ்வளவுதான். கையை ஏரியிலேயே கழுவிவிட்டு, மேலே வந்து, கூட்டாளிகளிடம் ஏறுங்க என்றார். டிராக்டர் கொண்டுவந்த களியோடு அப்படியே திரும்பிப் போனது.

மிச்சமிருந்த வெளிச்சத்தில் செய்ய வேண்டியதைச் செய்தோம். தலைவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. “இப்ப இன்னா பண்ணணும், அத மட்டும் சொல்லு” என்றார். மதகை முழுக்கத் திறக்கச் சொன்னேன். கசிவின் மேல் முதலில் ஆற்று மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கருங்கல். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது என்பதற்கு. குழி தண்ணீருக்கு மேலே தெரியும்வரை ஏரியை இறக்க வேண்டும். இரண்டரை அடித் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடிக் கழுவெளி உப்பங்கழியில் போய்ச் சேர்ந்தது. அதை மூன்று நாள் ஊரே நின்று பார்த்தது. மாசியில் கடைசிப் பாய்ச்சலுக்கு அந்தத் தண்ணீர் இருந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைமடையில் நிலம் வைத்திருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது வேறு பக்கம் பார்த்தார்கள். குழி தெரிந்ததும் களியின்மேல் தார்ப்பாயை விரித்து, மண் மூட்டைகளை அடுக்கினோம். கரை நின்றது.

ஆடுகளை அன்றைக்குச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அக்கா பட்டியிலிருந்து ஓட்டிக்கொண்டு வரும்போது நான் வழியில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

“காலையில அடிச்சி ஓட்டிக்கினு போவறப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டார்.

“தெரியும்க்கா.”

“ம்” என்றார். மறுநாளிலிருந்து அவர் கரைப் பக்கம் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேய்த்தார். தூரத்தில் ஆடுகள் தெரியும். கருங்கல்லுக்கு அடியில் வரும் தண்ணீர் ஒன்பதாம் நாள் தெளிந்துவிட்டது. குடித்துப் பார்த்தால் இன்னும் லேசாகக் கரித்தது; ஆனால் தெளிவு. அதை யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது. ஒன்றேகால் மைல் கரையிலும் ஒருத்தரும் இல்லை.

வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். நாலு பேர் முன்னால் எங்கள் மண்ணை மட்டமாகப் பேசிவிட்டேன் என்று எங்கள் தெருவில் ஆகியிருந்தது. பையன்கள் ஏரியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும் ஒருநாள், உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய், அதற்கென்ன என்றாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

2006 சித்திரையில் ஏரி வற்றியது. களியை எடுத்துவிட்டு ஏரி மண்ணைப் போட வேண்டும். அதற்காக மட்டும் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “வேற ஆள் வேணாம். நாங்க போட்டத நாங்களே எடுத்துடறோம்” என்றார். உப்பு வாருகிற உச்ச நேரம் அது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு நாலு பேரும் டிராக்டரோடு வந்தார்கள்.

யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. தலைவர் டீ கொடுத்து அனுப்பினார். கூட்டாளிகள் குடித்தார்கள், அப்பா அப்புறம் என்றார். மேலே இருந்த களி வெந்த கிழங்கு மாதிரி பொதபொதவென்று வந்தது. நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து, வெளிப்பக்கம் பார்த்து ஓடியது. அதைப் பார்த்ததும் நாலு பேரும் கொஞ்ச நேரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். நான் டேப்பை வைத்து அளந்துகொண்டு மேலே நின்றேன்.

மூன்றடி ஆழம் போனதும் மண்வெட்டி இறங்கவில்லை. அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை. மிதித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே, கருப்பாக, வழவழப்பாக, கால் தடம் கூடத் தெரிய இருந்தது. அப்பா குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். கடப்பாரையால் ஒருமுறை இடித்தார். எகிறியது.

“இது நல்லாத்தான்டா இருக்குது” என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “இதுவும் எடுக்கணுமா?”

விடலாம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட நிற்கலாம்.

“எடுக்கணும்பா.”

அவர் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். அந்த அடிப்பாகத்தை எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. ஒவ்வொன்றையும் கூட்டாளிகள் டிரெய்லரில் ஏற்றினார்கள். ஏரிக்குள் ஒன்றுகூடப் போடவில்லை. அடியில் பழைய கரை மண் தெரிந்ததும் நான் போதும் என்றேன். அப்பா குழியிலிருந்து ஏறி வந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

வெயில் சாயும்போது டிராக்டர் கிளம்பியது. நாலு பேரும் களியின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, “வர்றியா?” என்று கேட்டார். எனக்கும் இடம் இருந்தது. ஆனால் குழியைத் திறந்துபோட்டுவிட்டு வர முடியாது. ஏரி மண்ணை ஒரு சாண் கனத்துக்காவது போட்டு இடித்துவிட வேண்டும். நீங்க போங்க என்றேன். டிராக்டர் கரையை விட்டு இறங்கி ரோட்டுக்கு ஏறும்வரை பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.